முகம் கழுவின பிறகு

என்னை வாயாடின்னு எல்லாரும் சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும். பார்லர் நடத்துறவ வாயை மூடிக்கிட்டு இருந்தா யாரு வந்து உக்காருவா? ஆனா இந்த விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் எனக்குப் பேச்சை விடக் கோவம்தான் முதல்ல வருது. நடுவுல யாரையாவது திட்டிட்டேன்னா கண்டுக்காதீங்க, திட்டு வாங்க வேண்டியவங்களைத்தான் திட்டுவேன்.

என் கடை மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவுல இருக்கு. முன்னால கண்ணாடிக் கதவு, ஏறி வர மூணு படி, உள்ள ரெண்டு சுத்துற நாற்காலி, ஒரு வாஷ் பேசின், திரைக்குப் பின்னால ஒரு கட்டில். அவ்வளவுதான் ராஜ்ஜியம். நானும் என் நாத்தனாரும் சேர்ந்து நடத்துறோம். என் வீட்டுக்காரரோட தங்கச்சி அவ. கை சுத்தம், வேலை சுத்தம், மூளை மட்டும் எப்பவும் குறுக்கு வழியிலயே ஓடும்.

அன்னிக்கு சனிக்கிழமை காலையில கூட்டமே இல்ல. கடையில ரெண்டே பேரு. ஒண்ணு டீச்சர். பக்கத்து ஸ்கூல்ல பாடம் எடுக்குறாங்க, கணீர்னு குரல், தெருக்கோடியில நின்னு பேசினாலும் என் கடைக்குள்ள கேக்கும். இன்னொண்ணு பேங்க் மேடம். இவங்க அப்படியே நேர் எதிர். உக்காருங்கன்னா உக்காருவாங்க, தலையைச் சாய்ங்கன்னா சாய்ப்பாங்க, தண்ணி சூடா இருக்கான்னு கேட்டா, வெந்து போற மாதிரி இருந்தாக்கூட "பரவாயில்லைங்க"ன்னு சொல்வாங்க.

புதுசா ஒரு ஃபேஸ் பேக் சாம்பிள் வந்திருந்துச்சு. வெள்ளைக் களிமண். எது வந்தாலும் அடுத்தவங்க மூஞ்சில பூசறதுக்கு முன்னால என் மூஞ்சில பூசிப் பாத்துடுவேன், எரிஞ்சா முதல்ல எனக்கு எரியட்டும். நான் பூசிக்கிறதைப் பாத்து, "எனக்கும் போடு அண்ணி"ன்னா நாத்தனார். "ஓசின்னா எனக்கும்தான்"னாங்க டீச்சர். மேடம் முகத்தை மட்டும் நீட்டினாங்க. ஆக நாலு பேரு மூஞ்சியும் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடுச்சு. அது காயிற வரைக்கும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, வெடிச்சிடும்னு நான்தான் எல்லாருக்கும் உத்தரவு போட்டேன். போட்ட அடுத்த நிமிஷமே நான் மூணு தடவை பேசினேன், அது வேற விஷயம்.

அப்பத்தான் கேன் தம்பி வந்தான். தண்ணி கேன் போடுற பையன்னு நெனச்சுக்காதீங்க, கல்யாணமாகி ஒரு பொண்ணு இருக்கிற ஆளு. எங்க தெரு முழுக்க அவன்தான் தண்ணி. ஒரு கேனைத் தோள்ல, ஒரு கேனைக் கையில தூக்கிட்டு மாடிப்படி ஏறுவான், மூச்சு வாங்காம "அக்கா, காலி கேன் எங்க?"ன்னு கேப்பான். வண்டியை ஓரமா நிறுத்திட்டு என் கடைக்கு ஒரு கேனைத் தூக்கிட்டு வந்துட்டு இருந்தான். நான் அவனுக்காகக் கதவைக் காலால முட்டுக் குடுத்துத் தொறந்து வச்சிருந்தேன். அதனால வெளியில பேசினது ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குக் கேட்டுச்சு.

பின்னால ஒரு போலீஸ் ஜீப் வந்து ஹாரன் அடிச்சுது. தம்பி திரும்பிப் பாத்து, "ஒரு நிமிஷம் சார், இந்தக் கேனை மட்டும் வச்சிட்டு வண்டியை எடுத்துடறேன்"னான். அவ்வளவுதான் சொன்னான். சத்தியமா அவ்வளவுதான். குரலைக் கூட உயர்த்தல.

ஜீப்ல இருந்து எஸ்.ஐ. இறங்கினாரு. அவர் பேரு என்னவோ, தெருவுல எல்லாரும் கறுப்புக் கண்ணாடின்னுதான் சொல்வோம். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் அந்தக் கண்ணாடியைக் கழட்ட மாட்டாரு. இறங்கின வேகத்துல பளார்னு ஒரு அறை. தோள்ல இருந்த கேன் கீழ விழுந்து உடைஞ்சு, தண்ணி என் கடைப்படி வரைக்கும் ஓடி வந்துச்சு. தம்பி வழுக்கி விழுந்தான். விழுந்தவனை விட்டுடுவாருன்னு நெனச்சேன். லத்தியை எடுத்தாரு. அவனோட வலது கையை மட்டும் குறி பாத்து அடிச்சாரு. ஒரே இடத்துல, திரும்பத் திரும்ப. அடிச்சிட்டே சொன்னாரு: "தண்ணி தூக்குற நாயி, எனக்கு நிமிஷக் கணக்கு சொல்றியா? இனிமே எந்தக் கையால தூக்குறேன்னு பாக்குறேன்டா."

தெருவுல ஆளே இல்லைன்னு நெனைக்கிறீங்களா? மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினாரு. செருப்புக்கடைக்காரர் அப்பத்தான் ஞாபகம் வந்த மாதிரி ஒரு செருப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சாரு, அதே செருப்பைத்தான் கடைசி வரைக்கும் துடைச்சாரு. பைக்ல போனவன் ஒருத்தன் நின்னு பாத்துட்டு வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போனான். ஜீப்ல டிரைவர் சீட்டுல ஒரு சின்ன வயசு கான்ஸ்டபிள் உக்காந்திருந்தான். அவன் ஸ்டீரிங்கையே பாத்துட்டு இருந்தான். ஸ்டீரிங்ல என்னய்யா எழுதியிருக்கு?

நான் படியில வந்து நின்னேன். எனக்குப் பின்னால மூணு பேரும் வந்துட்டாங்க. யாரும் யாரையும் கூப்பிடல. போனை எடுத்தேன் படம் பிடிக்கலாம்னு. அது என் மூஞ்சியைப் பாத்துத் திறக்கிற போன். களிமண்ணைப் பாத்துட்டு, நீ யாருன்னே தெரியாதுன்னுடுச்சு. நம்பர் போடலாம்னா விரல் பூரா பேக், தொட்ட இடமெல்லாம் வழுக்குது. நான் காசு போட்டு வாங்கின சனியன் எனக்கே திறக்கல! டீச்சர் போனும் மேடம் போனும் உள்ள பையில இருந்துச்சு. நாத்தனார் சோம்பேறி, அவ போனுக்குப் பூட்டே கிடையாது. அவதான் எடுக்க ஆரம்பிச்சா.

டீச்சர் கத்தினாங்க பாருங்க, இன்னிக்கு நெனச்சாலும் உடம்பு சிலிர்க்குது. "சார்! விடுங்க அவரை! நாங்க எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்கோம்!" கத்தின வேகத்துல அவங்க கன்னத்துல இருந்த பேக் பாளம் பாளமா வெடிச்சு உதிர்ந்துச்சு.

கறுப்புக் கண்ணாடி திரும்பிப் பாத்தாரு. படியில வரிசையா நாலு வெள்ளை மூஞ்சி. கண்ணும் வாயும் மட்டும் தெரியுது. மனுஷன் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு, அப்பத்தான் அவருக்குக் கண்ணுன்னு ஒண்ணு இருக்குறதையே நான் பாத்தேன். தூக்கின லத்தி அப்படியே நின்னுச்சு. அடி நின்னுடுச்சு. நாங்க கிட்டப் போகல, கையைப் பிடிக்கல, நின்னு பாத்தோம், அவ்வளவுதான்.

ஆனா அவருக்குத் தெளிய எவ்வளவு நேரம் ஆகும்? விடுவிடுன்னு வந்து நாத்தனார் கையில இருந்த போனைப் பிடுங்கினாரு, தரையில அடிச்சாரு, பூட்ஸ் காலால மிதிச்சு நசுக்கினாரு. "போய் மூஞ்சியைக் கழுவுங்கடி, சனியனுங்களா"ன்னாரு.

தம்பியை ஜீப்ல தூக்கிப் போட்டாங்க. அந்தக் கை தனியா தொங்குது. நான் விடல. "எந்த ஸ்டேஷனுக்கு சார் கொண்டு போறீங்க? அவர் வீட்டுக்குச் சொல்லணும்"னு கேட்டேன். "தம்பி, உன் வீட்டுல சொல்லிடறேன், பயப்படாதே!"ன்னு கத்தினேன். ஜீப் போயிடுச்சு.

உள்ள வந்து ஒவ்வொருத்தரா மூஞ்சியைக் கழுவினோம். கழுவக் கழுவ எல்லாருக்கும் பயம் வந்துச்சு. டீச்சர் துண்டால முகத்தைத் துடைச்சிட்டு, "என் பேரு எங்கயும் வரக் கூடாது, சொல்லிட்டேன்"னாங்க. கணீர்க் குரல் எங்க போச்சோ, கிசுகிசுன்னு சொன்னாங்க. மேடம் கைப்பையை எடுத்துக்கிட்டுப் போனாங்க.

நான் நேரா கேன் தம்பி வீட்டுக்குப் போயி அவன் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். பாவம், அது போட்டது போட்டபடி ஸ்டேஷனுக்கு ஓடுச்சு. வாசல்லயே நிறுத்திட்டாங்க. மறுநாள்தான் தெரிஞ்சுது, அவன் மேல கேஸ் போட்டிருக்காங்கன்னு. என்ன கேஸ் தெரியுமா? கடமையைச் செய்ய விடாம போலீஸைத் தாக்கினானாம்! தாக்கப் போகும்போது தானா வழுக்கி விழுந்து கை உடைஞ்சுதாம்! கேன் தூக்கிட்டு நின்னவன் எந்தக் கையால தாக்குவான்? கேக்குறவன் காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

கேன் தம்பி குடும்பத்துக்கு ஒரு வக்கீல் கிடைச்சா. சின்னப் பொண்ணு, ஏழைங்களுக்கு இலவசமா வாதாடுறவ. அவ என் கடைக்கு வந்து உக்காந்து நிலைமையைச் சொன்னா. "ஜெயில்ல ஒரு துணியைக் கட்டி வலி மாத்திரை குடுத்து விட்டுட்டாங்க அக்கா. எலும்பு கோணலாச் சேர ஆரம்பிச்சாச்சு. சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலைன்னா அவரால ஆயுசுக்கும் அந்தக் கையைத் தூக்க முடியாது. ஜாமீன் ஒரு தடவை கேட்டாச்சு, தள்ளிட்டாங்க. போலீஸ் சொல்றதை மட்டும்தான் கோர்ட் கேட்டிருக்கு. இப்ப மறுபடி கேக்கப் போறேன். பாத்தவங்க வந்து சொன்னா நீதிபதி கேப்பாங்க."

"நான் வரேன், என் நாத்தனார் வரா. இதுல என்ன யோசனை?"ன்னேன்.

"நீங்க வரணும். ஆனா உங்க கடைப் பலகை ரோட்டுக்கு நீட்டிட்டு இருக்குன்னு அந்த எஸ்.ஐ. எடுக்கச் சொன்னாராமே? நீங்க சண்டை போட்டீங்களாமே? பழி வாங்குறாங்கம்பாரு. நாத்தனாரும் உங்க வீட்டு ஆளு. வெளியாளு ஒருத்தர் வேணும் அக்கா."

சண்டையா போட்டேன்? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்விதானே கேட்டேன்! என் வாய் அன்னிக்குத்தான் எனக்கு எதிரா நின்னுச்சு.

இதுக்கு நடுவுல ஜீப்ல இருந்த அந்தக் கான்ஸ்டபிள் கடைக்கு வந்தான். "அன்னிக்கு நின்ன மத்த ரெண்டு பேரு யாரு?"ன்னு கேட்டான். "எனக்கென்ன தெரியும் சார்? பேக் போட்டா என்னையே என் புருஷனுக்கு அடையாளம் தெரியாது"ன்னேன். சிரிப்பு வந்துச்சு அவனுக்கு, அடக்கிக்கிட்டுப் போயிட்டான். அவன் போனப்புறம்தான் எனக்கே உறைச்சுது. போலீஸுக்கு அவங்க யாருன்னு தெரியாது. மூஞ்சியைக் கழுவினதோட டீச்சரும் மேடமும் தப்பிச்சாச்சு. அவங்களா வந்து சொன்னாத்தான் உண்டு.

வீட்டுல என் வீட்டுக்காரர் வேற. "நமக்கெதுக்கு ஊர் வம்பு? அந்த எஸ்.ஐ. கடையை மூட வச்சிடுவான்"னாரு. "உங்க தங்கச்சி போனை உடைச்சானே, அதுவும் ஊர் வம்பா?"ன்னு கேட்டேன்.

டீச்சரைப் பாக்க ஸ்கூலுக்கே போனேன். மணி அடிச்சுப் பிள்ளைங்க வெளிய வந்துட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் டீச்சர் பிள்ளைங்க கூட்டத்துக்குள்ள ஒதுங்கினாங்க. நான் விடுவேனா? ஸ்கூல் கேட் கிட்டயே நிறுத்திட்டேன்.

"டீச்சர், அந்தக் கேன் தம்பி கை போயிடும். நீங்க பாத்ததை மட்டும் சொன்னாப் போதும்."

"எதைப் பாத்தேன்? நான் அன்னிக்கு அங்க வரவே இல்லையே."

"என்ன டீச்சர் பேசுறீங்க? நீங்கதானே 'நாங்க எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்கோம்'னு கத்தினீங்க! அதைக் கேட்டுத்தானே அவர் அடியை நிறுத்தினாரு!"

"மெதுவாப் பேசுங்க. எனக்கு வேலை நிரந்தரம் ஆகப் போகுது. அதுக்கு போலீஸ்ல விசாரிச்சுத்தான் சர்டிபிகேட் குடுப்பாங்க. அந்த எஸ்.ஐ. கையெழுத்துதான் வேணும். என்னைப் புரிஞ்சுக்குங்க." கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு.

புரிஞ்சுது. புரியாம என்ன? ஆனா புரிஞ்சதால கோவம் குறையல. வெள்ளையைப் பூசிக்கிட்டு இருந்தப்ப வந்த அந்தக் குரல், கழுவின மூஞ்சிக்கு வர மாட்டேங்குதே! பிள்ளைங்களுக்கு உண்மையே பேசணும்னு சொல்லிக் குடுக்குற வாய் அது. நான் அதைச் சொல்லியே காட்டிட்டேன். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாங்க. வழி நெடுகப் புலம்பிக்கிட்டே வந்தேன், எதிர்ல வந்தவங்க எல்லாம் ஒதுங்கிப் போனாங்க.

கடைக்கு வந்தா நாத்தனார் குறுக்கு வழியோட தயாரா இருந்தா.

"அண்ணி, எதுக்கு இவங்க கால்ல எல்லாம் விழுந்துக்கிட்டு? மத்த ரெண்டு மூஞ்சி யாருதுன்னு போலீஸுக்குத் தெரியாது. என் சிநேகிதி துணிக்கடையில இருக்கா இல்ல, அவளை நிப்பாட்டிடலாம். அவளும் வரேன்னுட்டா. நடந்ததை நாம சொல்லிக் குடுத்தாச் சொல்லிட்டுப் போறா. பொய்யா சொல்லப் போறோம்? நடந்ததைத்தானே?"

அம்மாடி, எவ்வளவு சுலபமா இருந்துச்சு தெரியுமா அது கேக்க! கொஞ்ச நேரம் நானும் யோசிச்சேன், மறைக்க மாட்டேன். கேன் தம்பி பொண்டாட்டி காலையிலதான் வந்து அழுதுட்டுப் போயிருந்தா. அங்க கை கோணிக்கிட்டு இருக்கு. இங்க ஒரு பொம்பளை பொய்யா நின்னா யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?

ஆனா எனக்குத் தொண்டையில இறங்கல. "வேணாம்டி. நடக்காததை நடந்ததுன்னு அவன் எழுதினான், அதனாலதான் அந்தத் தம்பி உள்ள இருக்கான். இல்லாத ஆளை இருந்தான்னு நாமளும் சொன்னா, அப்புறம் அவனுக்கும் நமக்கும் உடுப்பு மட்டும்தான் வித்தியாசம். அதோட ஒரே ஒரு கேள்வியில உன் சிநேகிதி மாட்டிக்குவா. அவ மாட்டினா நீயும் நானும் பாத்த நிஜமும் சேர்ந்து பொய்யாயிடும்"னேன்.

"அப்ப யாரு வருவா? சொல்லு பாப்போம்"னு எரிஞ்சு விழுந்தா.

பேங்க் மேடத்தை நான் கணக்குலயே எடுத்துக்கல. வெந்நியைப் பரவாயில்லைங்கிறவங்க கோர்ட்டுல வந்து என்னத்தைச் சொல்வாங்கன்னு விட்டுட்டேன். கேக்கக் கூடப் போகல.

அவங்களாவே வந்தாங்க. சாயங்காலம், பேங்க் முடிஞ்சதும், அதே கைப்பையோட. நாற்காலியில உக்காரல, நின்னுட்டே இருந்தாங்க.

"கேஸ் எப்ப வருது?"

"எதுக்கு மேடம் கேக்குறீங்க?"

கண்ணாடிக் கதவைச் சாத்தினாங்க. அப்புறம் சொன்னாங்க. "அந்த எஸ்.ஐ. இன்னிக்கு பேங்குக்கு வந்தாரு. என் கவுண்டருக்குத்தான் வருவாரு எப்பவும். 'என்ன மேடம், சௌக்கியமா?'ன்னு கேட்டாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு, எவ்வளவு மரியாதையாக் கேட்டாரு தெரியுமா? என்னை அவருக்குத் தெரியல. நான் சிரிச்சேன். 'சௌக்கியம் சார்'னேன். அவர் கேட்ட வேலையை வரிசையில நின்னவங்களுக்கு முன்னாடியே முடிச்சுக் குடுத்தேன். 'உங்கள மாதிரி நல்லவங்க இருக்கிறதாலதான் மேடம்'னு சொல்லிட்டுப் போனாரு." அவங்க உதடு துடிச்சுது. "பாத்ரூம் போயி மூஞ்சியைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். அந்தச் சிரிப்பு போகவே இல்லைங்க. அன்னிக்குப் பேக் போட்டிருந்தப்பவாவது நான் நானா நின்னேன். இன்னிக்கு யாரு அது, அப்படிச் சிரிச்சது? எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு."

ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன். "பரவாயில்லைங்க, வேணாம்"னாங்க. அதுல பழைய மேடம் அப்படியே இருந்தாங்க.

கேஸ் அன்னிக்கு கோர்ட் ஹால்ல மின்விசிறி கடகடன்னு சுத்துச்சு. கேன் தம்பியைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தாங்க. ஆளு பாதியாயிட்டான். வலது கை மணிக்கட்டுக்கு மேல ஒரு பக்கமா வளைஞ்சு நின்னுச்சு, அதை இடது கையால தாங்கிப் பிடிச்சிருந்தான். அவன் பொண்டாட்டி என் கையை விடவே இல்ல.

முதல்ல நானும் நாத்தனாரும் பாத்ததைச் சொன்னோம். அரசாங்க வக்கீல் எதிர்பாத்த மாதிரியே பலகைச் சண்டையை எடுத்தாரு. கறுப்புக் கண்ணாடி, கோர்ட்டுக்குள்ளங்கிறதால கண்ணாடி இல்லாம, கையைக் கட்டிக்கிட்டு நீதிபதி முன்னால நல்ல பிள்ளையா நின்னாரு. "அம்மா, இந்தப் பொம்பளைக்கு என் மேல விரோதம். நான் யார் மேலயும் கை வைக்கல. அந்த இடத்துல வேற சாட்சின்னு யாருமே இல்ல"ன்னாரு. நீதிபதி ஒரு வயசான அம்மா, எழுதிக்கிட்டே தலையை ஆட்டினாங்க. போச்சுடான்னு நெனச்சேன்.

வக்கீல் பொண்ணு மேடத்தைக் கூப்பிட்டா. மேடம் எழுந்து முன்னால போனாங்க. அந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்கணுமே! நிஜமாவே சிரிச்சாரு, தெரிஞ்சவங்களைப் பாத்த மாதிரி.

"இவங்களைத் தெரியுமா உங்களுக்கு?"ன்னு நீதிபதி கேட்டாங்க.

"தெரியுமே அம்மா. பேங்க் மேடம். ரொம்ப நல்லவங்க, ஒரு வார்த்தை பொய் பேச மாட்டாங்க. இவங்களை ஏதோ சொல்லி ஏமாத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க. இவங்க அந்த மாதிரித் தெருவுல நிக்கிறவங்களே இல்ல."

"நின்னேன்"னாங்க மேடம். எங்களுக்கே காது கொடுத்துக் கேக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவு மெதுவா. "மூஞ்சி பூரா வெள்ளைக் களிமண் பூசியிருந்துச்சு. அதான் சாருக்குத் தெரியல. மூணாவது படியில, கதவுக்குப் பக்கத்துல நின்னேன்."

"என்ன பாத்தீங்க?"

சொன்னாங்க. ஹாரன், ஒரு நிமிஷம்னு அவன் கேட்டது, அறை, உடைஞ்ச கேன், லத்தி. பேங்க்ல கணக்கு சொல்ற மாதிரி, கூட்டாம குறைக்காம. "அடிக்கும்போது அவர் என்ன சொன்னாருன்னு சொல்லட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. நீதிபதி சொல்லுங்கன்னாங்க. மேடம் கறுப்புக் கண்ணாடியை நேராப் பாத்தாங்க. "'தண்ணி தூக்குற நாயி, எனக்கு நிமிஷக் கணக்கு சொல்றியா? இனிமே எந்தக் கையால தூக்குறேன்னு பாக்குறேன்டா.' இதான் சொன்னாரு. அந்தக் கையைத்தான் அடிச்சாரு. வேற எங்கயும் அடிக்கல."

அந்த மரியாதையான குரல்ல அந்த வார்த்தை வந்தப்ப கேன் தம்பி அழுதான். அடி வாங்கினப்ப கூட அழாதவன்.

நீதிபதி பேனாவைக் கீழ வச்சாங்க. "பொய் பேச மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"ன்னு அவரைக் கேட்டாங்க. ஜீப் ஓட்டின கான்ஸ்டபிளைக் கூப்பிட்டாங்க. "நீங்க அங்க இருந்தீங்களே, இவங்க சொல்றது நடந்துச்சா, இல்லையா?" அவன் தரையைப் பாத்தான். ஆமான்னு சொல்லல. ஆனா இல்லைன்னும் சொல்லல. திரும்பக் கேட்டும் சொல்லல. அந்த உடுப்புக்குள்ள இருந்துக்கிட்டு அவனால அவ்வளவுதான் முடிஞ்சுது போல. அன்னிக்கே அந்த ஸ்டீரிங்கை விட்டு இறங்கியிருந்தா அந்தக் கை உடைஞ்சே இருக்காதேடா பாவி!

ஜாமீன் குடுத்தாங்க. இங்கிருந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு உத்தரவு போட்டாங்க. கறுப்புக் கண்ணாடியைப் பத்தி மேலதிகாரி விசாரிக்கணும்னும் எழுதினாங்க. விசாரிச்சு என்ன கிழிப்பாங்களோ, அது எனக்குத் தெரியாது. டாக்டர் பின்னால சொன்னாரு, எலும்பைத் திரும்ப உடைச்சுத்தான் சேக்கணும், பழைய பலம் முழுசா வராதுன்னு. ஒரு நிமிஷம் கேட்டதுக்கு அந்த விலை.

வெளிய வராண்டாவுல நாங்க நின்னுட்டு இருந்தப்ப அவர் எங்களைத் தாண்டிப் போனாரு. கண்ணாடியை மாட்டிக்கிட்டாச்சு. மேடத்துகிட்ட வந்ததும் நின்னாரு. நான் முன்னால போகப் பாத்தேன், மேடம் கையை நீட்டி என்னை நிறுத்தினாங்க.

"உங்களைப் போய் நல்லவங்கன்னு நெனச்சேனே மேடம்"னாரு. அடிச் சத்தத்தை விட அந்தக் குரல் பயமா இருந்துச்சு.

மேடம் சிரிக்கல. "நாளைக்கும் அதே கவுண்டர்லதான் இருப்பேன் சார்"னாங்க. "வரிசையில வாங்க."